நாற்பத்தாறாவது மாடிக்கு நான் அனுப்பிய குரல்

என் மகள் வேலை பார்க்கும் கட்டடத்தை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. தைவானில் தைபே என்கிற ஊரில் நிற்கிறது அது. நூறு மாடிக்கு மேல். அந்த ஊரைப் பற்றிப் பேசுகிற எவரும் முதலில் அதன் படத்தைத்தான் காட்டுவார்கள். பச்சைக் கண்ணாடியில், மூங்கில் மாதிரி கணு கணுவாக மேலே போகும். அதில் நாற்பத்தாறாவது மாடியில் ஒரு கம்பெனியில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. மும்பை தாராவியில் எங்கள் கல்லியில், அதுதான் எங்கள் சந்தில், இருக்கிற எல்லோருக்கும் அது பெருமை. எனக்கு மட்டும் பயம். போன புதிதில் ஒருநாள் வீடியோ காலில் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு கீழே காட்டினாள். கார்களெல்லாம் கொத்தமல்லி விதை சிந்திக் கிடந்தது மாதிரி இருந்தன. "ஏட்டி, ஜன்னலை விட்டுத் தள்ளி வா" என்றேன். இந்த ஜன்னலெல்லாம் திறக்கவே திறக்காது, பயப்படாதே என்றாள். திறக்காத ஜன்னல் இன்னும் மோசம் என்றுதான் எனக்குப் பட்டது.

இன்னொரு நாள் மேல் மாடிகளைச் சுற்றிப் பார்க்கப் போனவள் ஒரு படம் அனுப்பினாள். மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய இரும்புக் குண்டு. எங்கள் வீட்டை அப்படியே உள்ளே வைத்துவிடலாம், அவ்வளவு பெரிசு. கட்டடத்தின் உச்சிக்குப் பக்கத்தில், உள்ளுக்குள்ளேயே, கம்பி வடங்களில் தொங்குகிறது. புயல் அடித்தாலோ பூமி அதிர்ந்தாலோ, கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது குண்டு மறுபக்கம் போய் ஆட்டத்தை அடக்குமாம்.

"அந்தக் குண்டு அறுந்து விழுந்தா?"

"விழாதும்மா."

"விழுந்தா யார் தலையில விழும்? ஒனக்கு நேர் மேலயா இருக்கு?"

"எம்மா, டென்ஷன் மத் லோ, பயப்படாத. எல்லார் தலைக்கும் மேலதான் இருக்கு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டடம் என்றால் நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. மேலே போக வெளியில் ஒரு இரும்பு ஏணி, பன்னிரண்டு படி. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அவர்கள் தங்கள் பங்குக்கு அதன் மேல் ஒரு மாடி ஏற்றினார்கள், நாங்கள் எங்கள் பங்குக்கு ஏற்றினோம். அந்தச் சுவரை யாரும் கேட்கவில்லை. மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது ஒரு ஜூலை மாதம், நான்கு நாள் விடாமல் மழை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நானும் அவளும் மேலே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் தட்டில், மீன்குழம்பு மேல், மாவு சலித்த மாதிரி தூசி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மறுபடியும் விழுந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, கையில் அகப்பட்டது அவள் ஜடைதான், அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏணியில் இறங்கி, கல்லி முனையில் இருக்கிற தண்ணீர்க் குழாய் வரைக்கும் ஓடினேன். குழாயடியில் போய்த் திரும்பிப் பார்க்கும்போது சுவர் அப்படியே உட்கார்ந்தது. நாங்கள் சாப்பிட்ட இடத்தில் ஒரு ஆள் உயரத்துக்குச் செங்கல். யாரும் சாகவில்லை. அன்று ராத்திரி முழுக்க அவள் தலைவலி என்று அழுதாள், ஜடையை அப்படி இழுத்திருக்கிறேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. தூசி விழுந்தால், எது ஆடினாலும், ஓடணும். செருப்புப் போடக்கூடாது, பையை எடுக்கக்கூடாது, யாரையும் கேட்கக்கூடாது. ரோட்டில் போய் நின்றபிறகு என்ன ஏது என்று விசாரித்துக்கொள்ளலாம். சட்டம் போட்டால் போதுமா? ஒவ்வொரு மே மாதமும் கூரைக்குத் தார்ப்பாய் கட்டுகிற வாரத்தில் நான் ஒத்திகை வைப்பேன். அவள் மேலே பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். நான் கீழேயிருந்து ஏணியில் கரண்டியால் ஓங்கித் தட்டி, "ஓடு" என்று ஒரு சத்தம் போடுவேன். பத்து எண்ணுவதற்குள் அவள் குழாயடியில் நிற்கணும். நிற்காவிட்டால் மறுபடியும் ஏறு, மறுபடியும் ஓடு. மாடி ஏற்றிய மற்ற வீட்டுக்காரர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மே மாதம் எங்கள் கல்லிக்குள் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. கரண்டிச் சத்தம் கேட்கும், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடி வரும்.

என் மகள் வேறு எதற்கும் என் பேச்சைக் கேட்டதில்லை. தலைக்கு எண்ணெய் வை என்றால் வைக்க மாட்டாள். தமிழ் நாலு எழுத்துப் படித்துக்கொள் என்றால் மாட்டாள். இன்றைக்கும் தமிழில் எழுதி அனுப்பினால் எழுத்துக்கூட்டி, பாதியில் விட்டுவிட்டு, "வாய்ஸ் போடும்மா" என்பாள். நல்ல வரன் வந்திருக்கிறது, ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றேன். அடுத்த மாதம் தைவானுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். ஆனால் "ஓடு" என்றால் மட்டும் கால் தானாக எழுந்துவிடும். காலேஜ் படிக்கும்போதுகூட, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே குழாயடிக்கு ஓடி வந்தாள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் பிறகு என்னைப் பதம் பார்த்தது.

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டரிடம் நான் வேலை செய்கிறேன். பெயர் எழுதுவது, உள்ளே அனுப்புவது, கருவிகளைக் கொதிக்க வைப்பது, மேடம் கை நீட்டினால் எடுத்துக் கொடுப்பது. மேடம் குடும்பம் மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கிறது. நான் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, "உன் சத்தத்துக்கே பாதி பேருக்குப் பல்வலி போயிடறது" என்று கேலி செய்வார். என் தொண்டை அப்படி. கல்லியில் வளர்ந்த தொண்டை.

அன்று காலை பதினொன்றேகால் மணி இருக்கும். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். உள்ளே ஒருவர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். என் போன் அதிர்ந்தது. மகளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். மூன்று விநாடிதான். காதில் வைத்துக் கேட்டேன்.

"எம்மா, ஆடுதும்மா இங்க."

பின்னால், ஸ்டீல் பாத்திரம் அடுக்கிய ஸ்டாண்டைப் பிடித்து யாரோ உலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். சத்தத்தைவிட என்னைப் பிடித்து உலுக்கியது அவள் பேச்சு. என் மகள் ஒரு வாக்கியத்தை முழுசாகத் தமிழில் பேச மாட்டாள், பாதி ஹிந்தி விழும். காய்ச்சல் கண்டால்தான் முழுத் தமிழ் வரும். இதில் ஒரு சொல்கூட ஹிந்தி இல்லை.

எனக்கு யோசனையே வரவில்லை. கண்ணுக்கு முன்னால் மீன்குழம்பும் தூசியும்தான் வந்தன. பட்டனை அழுத்தினேன்.

"ஏட்டி, ஓடு. எந்திரிச்சு ஓடு. பையை எடுக்காத, செருப்புப் போடாத, யாரையும் கேக்காத. படியில எறங்கி ரோட்டுக்குப் போயிரு. ஓடு, ஓடு."

ஏணியில் கரண்டி தட்டுகிற அதே சத்தத்தில் சொன்னேன். காத்திருந்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். கன்னம் வீங்கியிருந்த ஒரு குஜராத்திக்காரர் எழுந்து வாசலைத் தாண்டிப் போயே போய்விட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது.

மெசேஜ் போய்ச் சேர்ந்தது. இரண்டு டிக் வந்தது. பக்கத்தில் இருக்கிற மைக் படம் நீலமானது. கேட்டுவிட்டாள். அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

மேடம் கையுறையோடு வெளியே வந்தார். "என்ன சத்தம்? என்ன ஆச்சு?"

சொன்னேன். அவருக்கும் என் மகளைச் சின்ன வயதிலிருந்து தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து இங்கேதான் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவாள்.

"நீ என்ன பதில் சொன்னே?"

"வெளிய ஓடிருன்னு சொல்லிட்டேன் மேடம். கேட்டுட்டா."

மேடம் முகம் மாறியதைப் பார்த்தேன். "ஓடச் சொன்னியா? ஓடப்படாதே. எங்க பிள்ளை டோக்கியோவிலே நாலு வருஷம் இருந்தான், அவன் சொல்லுவான். மேஜைக்கு அடியிலே போய், தலையை மூடிண்டு உட்கார்ந்துக்கணும். ஆடறச்சே படிக்கட்டுலே எறங்கினா உருண்டு விழுவா. ரோட்டுலே போய் நின்னா மேலேர்ந்து கண்ணாடியும் போர்டும் தலையிலே விழும். அந்த மாதிரிக் கட்டடமெல்லாம் ஆடறதுக்குன்னே கட்டினது. உள்ளே இருந்தாதான் பத்திரம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். தாராவியில் கட்டடம் ஆடினால் விழும். ஆடுவதற்காகவே ஒரு கட்டடத்தைக் கட்டுவார்கள் என்று நான் எங்கே கண்டேன்?

மறுபடி பட்டனை அழுத்தினேன். "ஏட்டி, ஓடாத. அம்மா தப்பாச் சொல்லிட்டேன். அங்கயே இரு. மேஜைக்கு அடியில போ. ஓடாத."

ஒரு டிக்.

ஒரு டிக் என்றால் என் போனைவிட்டுக் கிளம்பியிருக்கிறது, அவளிடம் போய்ச் சேரவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது டிக் வரவில்லை. போன் செய்தேன். ஏதோ பாஷையில் ஒரு பெண் நிதானமாக என்னவோ சொன்னாள். திரும்பச் செய்தேன், திரும்பவும் அதையே சொன்னாள். ஓடு என்று சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது. ஓடாதே என்று சொன்னது போகவில்லை. பாவி நாக்கு, ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா என்று வாய்விட்டே சொன்னேன்.

சுவரில் இருக்கிற டிவியில் ஹிந்திச் செய்தி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பத்து நிமிஷத்துக்குள் அதில் வந்துவிட்டது. முதலில் அந்தக் கட்டடத்தைத்தான் காட்டினார்கள். அது பாட்டுக்கு நின்றது. ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகு வேறு தெருக்கள். ஒரு போர்டு ஸ்கூட்டர்மேல் விழுந்து கிடந்தது. ஒரு இடத்தில் ரோடு முழுக்க உடைந்த கண்ணாடி, வெயிலில் மினுங்கியது. ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். செருப்புப் போடாதே என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தக் கண்ணாடிமேல் வெறுங்காலோடு ஒரு பெண் ஓடுவதை என் மனசே எனக்குக் காட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

என் வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறார். அன்று துணி மூட்டை இறக்க உல்லாஸ்நகர் போயிருந்தார். அங்கே யாரோ சொல்லிப் போன் செய்தார்.

"ஏ பிள்ள, தைவான்ல பூகம்பமாம். பிள்ளை பேசினாளா?"

"ஆடுதுன்னு ஒரு மெசேஜ் போட்டா. பெறவு லைன் கெடைக்கல."

"நீ என்ன சொன்ன அவகிட்ட?"

"பயப்படாத, மேஜைக்கு அடியில உக்காருன்னு சொன்னேன்."

பொய் எப்படி அத்தனை சுலபமாக வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. மேடம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"நல்லவேள" என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரலில் மூச்சு திரும்பியது தெரிந்தது. "நானா இருந்தா ஓடுன்னு சொல்லிருப்பேன். ஒனக்காவது தெரிஞ்சுதே."

நான் போனை வைத்துவிட்டேன். மேடம் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டார். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, நான் எங்கேயும் போகவில்லை என்றேன். அடுத்த ஆளை உள்ளே அனுப்பினேன். கண்ணாடி கேட்டால் குறடு கொடுத்தேன். மேடம் இரண்டு தடவை பொறுத்துக்கொண்டு, மூன்றாவது தடவை என்னைத் தோளைப் பிடித்து வெளியே உட்கார வைத்துவிட்டார்.

உட்கார்ந்து நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? என் மகள் என் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது. பெற்ற தாய் வேண்டிக்கொள்கிற வேண்டுதலா இது? ஆனால் அதைத்தான் வேண்டினேன். அவள் எனக்கு அடங்காத ஒவ்வொன்றையும் ஞாபகப்படுத்தி, விரல்விட்டு எண்ணித் தைரியம் சொல்லிக்கொண்டேன். எண்ணெய் வைக்காதவள்தானே. பூசணிக்காயைத் தட்டோரம் ஒதுக்குகிறவள்தானே. சாமி கும்பிட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போ என்றால் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கையை ஒரு ஆட்டு ஆட்டுகிறவள்தானே. வரனைப் பார்க்க மாட்டேன் என்றவள்தானே. நான் சொல்லி அவள் எதைக் கேட்டாள்? இதையும் கேட்டிருக்க மாட்டாள். "எம்மாவுக்கு வேற வேலை இல்ல" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள். கடவுளே, அவள் அடங்காப்பிடாரியாகவே இருக்கட்டும், நான் இனி ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். இப்படிச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் ஏணியில் அந்தக் கால்கள் இறங்குகிற சத்தம் கேட்கும். பன்னிரண்டு படி. பத்து எண்ணுவதற்குள். அதில் மட்டும் அவள் ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை.

ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. வீடியோ கால். அவசரத்தில் தப்பான பட்டனை அழுத்திக் கட் பண்ணிவிட்டேன். உயிரே போய்விட்டது. மறுபடியும் அடித்தது.

அவள்தான். ஏதோ தரைத்தளம் மாதிரி இருந்தது, கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்தாள். முடியெல்லாம் கலைந்திருந்தது. உயிரோடு இருந்தாள்.

"போன் எடுக்க மாட்டியாட்டி நீ" என்றேன். முதலில் திட்டத்தான் வந்தது.

"நெட்வொர்க்கே இல்லம்மா. இப்பத்தான் வந்துச்சு. நான் டீக், நல்லாத்தான் இருக்கேன்."

"ஓடினியா?"

அவள் பார்வை வேறு பக்கம் போனது.

"கேக்கேன்ல, ஓடினியா?"

"ஓடினேன்."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆட ஆரம்பித்ததும் எல்லோரும் சத்தமில்லாமல் மேஜைக்கு அடியில் போய்விட்டார்களாம். அவளும் போய்விட்டாளாம். அந்த ஊரில் அடிக்கடி ஒத்திகை வைப்பார்கள், என்ன செய்யணும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் எனக்கு அந்த மூன்று விநாடி மெசேஜைப் போட்டிருக்கிறாள். பெரிய ஆட்டம் நின்றபிறகும் கட்டடம் மெதுவாக அசைந்துகொண்டே இருந்ததாம். அப்போது என் பதில் வந்திருக்கிறது. காதில் வைத்தாளாம்.

"ஒன் சத்தம் கேட்டதும் எந்திரிச்சுட்டேம்மா. தப்புன்னு தெரியும். தெரிஞ்சும் எந்திரிச்சுட்டேன். ஷூவைக்கூடக் கழட்டிட்டேன்."

படிக்கட்டுக் கதவைத் திறக்கப் போகும்போது பின்னாலிருந்து கூட வேலை பார்க்கிற ஒரு பெண் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளியிருக்கிறாள். அதே நேரம் இரண்டாவது தடவை அதிர்ந்ததாம். அந்தப் பெண் அவள் முதுகிலேயே படுத்துக்கொண்டாளாம், நிற்கிற வரைக்கும். படிக்கட்டில் யாராவது விழுந்தார்களா என்று நான் கேட்டேன். "நாலஞ்சு பேர்" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசுகிறாள்.

"கையை எடு."

"ஒண்ணுமில்லம்மா."

"கையை எடுட்டி."

எடுத்தாள். மேல் உதடு வீங்கியிருந்தது. முன்பல்லில் பாதி இல்லை. அந்தத் தள்ளலில் கதவுச் சட்டத்தில் இடித்திருக்கிறாள். எங்கள் கல்லியில் அவள் பல்லைப் போல ஒரு பல் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இங்கே இழுத்து வந்து, மேடத்திடம் காட்டி, நான் காவல் காத்து வளர்த்த பல். என் குரல் போய் அதை உடைத்திருக்கிறது. மேடம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "வேர் நன்னாத்தான் இருக்கும் போலிருக்கு, நான் கட்டிடறேன், நீ வா" என்று அவளிடம் சொன்னார்.

"எம்மா" என்றாள் அவள், குரலைத் தணித்து. "ஒனக்கு முன்னால அப்பா லைன் கெடச்சு பேசினாவ. அம்மா ஒன்ன உக்காரச் சொன்னாளாமேன்னு கேட்டாவ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமான்னு சொல்லிட்டேன். பல்லு மேஜையில இடிச்சுதுன்னு சொல்லிருக்கேன். நீயும் அதையே சொல்லு."

"இனிமே என் பேச்சைக் கேக்காதட்டி" என்றேன்.

"எத்தன வருஷமா அதத்தான செய்யுதேன்" என்று அவள் சிரித்தாள். பாதிப் பல் தெரிந்தது. பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

லீவுக்கு வந்தபோது மேடம் பல்லைக் கட்டிக் கொடுத்தார். எது கட்டின பல் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அவள் சிரிக்கும்போதெல்லாம் என் கண் நேராக அங்கேதான் போகும். அந்தப் பச்சைக் கட்டடத்துக்கே அவள் திரும்பி வேலைக்குப் போய்விட்டாள். இப்போது அந்தக் கட்டடத்தை நினைத்து எனக்கு அவ்வளவு பயமில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

என் வீட்டுக்காரர் இந்தக் கதையைக் கல்லி முழுக்கச் சொல்லிவிட்டார். டீக்கடையில், குழாயடியில், தேவ்நாரில் இருக்கிற அவர் தங்கச்சி வீட்டில். "இவ மட்டும் ஓடுன்னு சொல்லிருந்தா என் பிள்ளை இன்னைக்கு இல்ல" என்று ஒவ்வொரு இடத்திலும் முடிப்பார். நான் பக்கத்தில் இருந்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையாட்டுவேன். ஒவ்வொரு தடவை தலையாட்டும்போதும் அந்த நீல மைக் படம் கண்ணில் வரும். மகள் ஒரு நாளும் காட்டிக் கொடுக்க மாட்டாள். மேடமும் சொல்ல மாட்டார். நான் செத்தாலும் இது வெளியே வராது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் தமிழ் நன்றாகப் படிப்பார். எங்கள் வீட்டில் தமிழ்ப் பேப்பர் வாங்குவதே அவருக்காகத்தான். நேருக்கு நேர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் மகளின் பழைய நோட்டு ஒன்றில் இதை எழுதியிருக்கிறேன். இன்றைக்கு அவருக்குச் செம்பூர் வரைக்கும்தான் லோடு, சீக்கிரம் வந்துவிடுவார். நோட்டை அவர் சாப்பிடுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். டெம்போ ஹாரன் கல்லி முனையில் கேட்கிறது. எழுந்து ஓடிவிடலாம் போலத்தான் இருக்கிறது. உட்கார்ந்திருக்கிறேன்.